எழுத்தெண்ணி ஒரு கவிதை

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எட்டாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கவிதை எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ‘வியர்வை’, ‘விடியல்’ என்றே எழுதுகிறார்கள். யாப்பு என்றாலே பயம். என்ன செய்யலாம்?

பதில்: மேடையில் கேட்ட சொற்கள்தான் பிள்ளைகளுக்கு முதலில் வரும். அவை நுழைய இடமில்லாதபடி வரியைச் சுருக்கிவிடுங்கள்.

முதலில் எண்ணப் பழக்குங்கள். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைதட்டு. ரயில் பாதை வரிசையிலேயே தொடங்கலாம்: ஹட்டன் இரண்டு, கொட்டகலை நான்கு, தலவாக்கலை ஐந்து. இது நம் மரபின் கணக்குத்தான். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒற்றை, அதாவது புள்ளி எழுத்தை, நீக்கி எண்ணினால், நேரசையில் (ஓரெழுத்து அசை) தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசைக்கு (ஈரெழுத்து அசை) 17. அபிராமி அந்தாதியில் ‘உதிக்கின்ற செங்கதிர்’ என்று தொடங்கும் முதல் பாட்டின் முதல் அடியை வகுப்பிலேயே தட்டிப் பாருங்கள், சரியாக 17 வரும். யாப்புப் பயம் பாதி அங்கேயே போய்விடும்.

அப்புறம் படிப்பாட்டு, அதாவது படிபோல வரிக்கு வரி ஓர் எழுத்து கூடும் பாட்டு. நான்கே வரி; 2, 3, 4, 5 எழுத்து. உதாரணத்துக்கு நான் எழுதிய ஒன்று:

மழை
மலையில்
அம்மா இன்னும்
ரொட்டி ஆறுது

‘துயரத்தின் சிகரத்தில்’ என்பதற்கு மட்டுமே எட்டு எழுத்து வேண்டும். இங்கே அதற்கு இடமேது? பிள்ளை வீட்டுக்குள் இருக்கும் சின்னச் சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும். ‘ஆறுது’ என்ற பேச்சுச் சொல்லைத் தயவுசெய்து ‘ஆறுகிறது’ என்று திருத்தாதீர்கள். கணக்கும் கெடும், குரலும் போய்விடும்.

ஹைக்கூ என்ற ஜப்பானிய மூவரிக் கவிதையின் 5-7-5 கணக்கைத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டாம் என்பேன். நம் சொற்கள் உருபு சேர்ந்து நீளும். ‘தோட்டத்திலிருந்து’ என்ற ஒரு சொல்லே ஆறு எழுத்து. முதல் வரியே தாண்டிவிட்டால் பிள்ளை சோர்ந்துவிடும்.

கணக்கை நிரப்ப ‘அந்த’, ‘மிக’ என்று செருகுவார்கள். புள்ளி (மதிப்பெண்) குறைக்காமல், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வரியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் குறையாவிட்டால் வேறு சொல் தேட வேண்டியதுதான். நல்ல வரி ஒன்று ஓர் எழுத்து கூடி நின்றால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.