சி3, சி4 குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறைவா?

அல்சூரிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ள அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சி3 52, சி4 6 என்று வந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட லேகியம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சி3, சி4 இரண்டும் பெரும்பாலும் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், அதாவது கிருமிகளை எதிர்க்க உதவுபவை. கிருமியின் மேல் சி3-யின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால், வெள்ளையணுக்கள் அடையாளம் கண்டு விழுங்கும். சி5ஏ என்ற துண்டு அந்த அணுக்களை அங்கே வரவழைக்கும். நம் சொந்த செல்கள் மேல் இது பாயாமல் ஃபேக்டர் எச் போன்ற புரதங்கள் அடக்கி வைக்கும். லூபஸில், சொந்த உடலையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இந்த வேலையை ஓயாமல் தூண்டுவதால் சி3, சி4 இரண்டும் செலவாகிவிடுகின்றன. எதிர்ப்பு மண்டலம் மிதமிஞ்சி ஓடுகிறது என்பதுதான் பெரும்பாலும் இதன் பொருள்; அதனால்தான் அதை மேலும் தூண்ட லேகியம் வேண்டாம் என்கிறேன்.

எனக்கு அதைவிடக் கவலை சிறுநீரகம்; லூபஸ் அதையும் பாதிக்கலாம். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஆன்டி டிஎஸ்டிஎன்ஏ (லூபஸில் வரும் ஓர் ஆன்டிபாடி) எல்லாம் பார்த்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே ருமட்டாலஜிஸ்ட்டிடம் (மூட்டு நோய்களையும் லூபஸ் போன்ற நோய்களையும் பார்க்கும் நிபுணர்) காட்டுங்கள். கன்னடத்தில் சொல்வது அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் தயங்காமல் தமிழில் கேளுங்கள், பெங்களூரு டாக்டர்கள் பலருக்குத் தமிழ் தெரியும். அப்புறம், ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.