பாதி தைத்த போர்வை

அன்புள்ள அக்கா,

முத்தியால்பேட்டையில் மூன்று வருடமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒட்டுத்துணிப் போர்வைகள், அதாவது க்வில்ட், தைத்து விற்கிறேன். ஒரு ஓரத்தில் பருத்தித் துணியும் மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூர்க்காரர்கள் வந்து படம் எடுத்து, பேரம் பேசி, பத்தில் ஒருவர் வாங்குகிறார். வாங்கியவர் திரும்ப வருவதில்லை. உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்த்து "இந்த ஊர் வெயிலுக்கு ரஜாய் எதுக்கும்மா" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இன்ஸ்டாகிராமில் நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், செவ்வாய்க்கிழமை ஒரு பில்கூடப் போடவில்லை. கடையை மூடிவிட்டு ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்கிறார் கணவர். நீங்கள் தையல் பற்றி நிறைய எழுதுகிறீர்களே, ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, புதுச்சேரி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, ஆனால் அதை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். "ஒரு ஓரத்தில் பருத்தித் துணியும்" என்கிறீர்களே, அதைக் கடையின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

தைத்து முடித்த போர்வையை வாங்கியவருக்கு உங்களிடம் வேறு வேலை இல்லை. நல்ல போர்வை பத்து வருடம் உழைக்கும், அதற்குள் அவர் ஏன் உங்கள் படி ஏறப் போகிறார்? பாதி தைத்த போர்வையை வீட்டில் வைத்திருப்பவள் அப்படியில்லை. அவளுக்கு நூல் தீரும், ஓரத்துக்குப் பட்டி வேண்டும், ஒரு மூலை இன்னொரு மூலையோடு சேராமல் கோணும், அதை எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் ஓடி வருவாள். அமெரிக்காவில் க்வில்ட் கடை என்றாலே பெரும்பாலும் போர்வை விற்கிற கடை இல்லை, போர்வை தைப்பவர்களுக்குத் துணி விற்கிற கடை. மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊர். அங்கே 2008இல் பிள்ளைகள் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு பெரிய தையல் மிஷின் வாங்கிக் கொடுக்க, மிசௌரி ஸ்டார் என்ற கம்பெனி அப்படித் தொடங்கியது. அந்த அம்மா ஜென்னி டோன் யூடியூபில் எப்படித் தைப்பது என்று காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். துணி அதன் பின்னால் விற்றது, ஊரில் காலியாகக் கிடந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் துணிக்கடைகள் ஆயின. அதே நாட்டில் ஜோஆன் என்ற பெரிய சங்கிலிக் கடை, ஏறத்தாழ 800 கிளைகள், 2025இல் மொத்தமாக மூடிவிட்டது. பெரிதாக இருப்பதால் பிழைத்துவிட முடியாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன், மற்றபடி அவர்கள் கதை வேறு.

அங்கே ஒரு வெட்டு உண்டு, ஃபேட் குவார்ட்டர் என்பார்கள். நம் கடைகளில் கால் மீட்டர் கேட்டால் என்ன செய்கிறோம்? 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு, துணியின் முழு அகலத்துக்கும், ரிப்பன் மாதிரி ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுக்கிறோம். அதில் ஒரு பெரிய சதுரம் வெட்ட முடியாது. அதற்குப் பதில் அரை மீட்டர் வெட்டி, அதை அகலவாக்கில் நடுவில் பிளந்து பாருங்கள். 112 சென்டிமீட்டர் அகலத் துணி என்றால் 50க்கு 56 துண்டு கிடைக்கும். பரப்பளவு அதே கால் மீட்டர்தான், ஆனால் அதில் பூவோ மயிலோ முழுசாக வரும். இப்படி ஐந்து துண்டுகளை நிறம் சேர்த்து மடித்து, ஒரு நாடாவால் கட்டி வைத்தால், துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள்கூட எடுப்பாள், ஏனென்றால் எந்த நிறத்தோடு எது சேரும் என்ற பயத்தை நீங்கள் வாங்கிக்கொண்டுவிட்டீர்கள்.

அப்புறம் மாதப் பொட்டலம். போர்வையின் ஒரு கட்டத்துக்கு வேண்டிய துணியும் வரைபடமும் மாதம் ஒன்றாக, பன்னிரண்டு மாதம். தீபாவளிச் சீட்டு பழகிய நம் பெண்களுக்கு இதைப் புரிய வைக்க இரண்டு நிமிஷம் போதும். பணத்தை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள், பொட்டலத்தை எடுக்கிற அன்று கொடுக்கட்டும். சீட்டு என்றதும் ஊர் கொஞ்சம் பயப்படும், அதற்குக் காரணமும் இருக்கிறது.

வெயிலைச் சொல்லிச் சிரிப்பவர்கள் சரியாகத்தான் சிரிக்கிறார்கள். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டை வைத்து ஜெய்ப்பூர் ரஜாய் மாதிரியே நீங்களும் தைத்தால், அதை அவர்கள் போனிலேயே உங்களைவிட மலிவாக வாங்குவார்கள், நியாயம்தானே. பஞ்சை எடுத்துவிடுங்கள். நடுவில் பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து வைத்து, மேலே கையால் ஓட்டுத்தையல், அதாவது ரன்னிங் ஸ்டிச், போடுங்கள், ஏசி அறைக்கும் பிறந்த குழந்தைக்கும் அது போதும். பச்சைக்குழந்தைக்குப் பாட்டியின் பழைய புடவையை விரிக்காத வீடு நம் பக்கம் உண்டா? வங்காளத்தில் காந்தா என்பதும் பழந்துணி அடுக்கிப் போடும் இதே ஓட்டுத்தையல்தான். மேல்துணிக்கு ராஜஸ்தான் பிளாக் பிரிண்ட் எதற்கு? கடலூரிலிருந்து வடலூர் போகிற வழியில் குறிஞ்சிப்பாடி இருக்கிறது, கைலி நெய்கிற ஊர். அந்தக் கட்டம் போட்ட கைலித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சாய்த்து வைத்துப் பாருங்கள், கட்டம் வைரமாகும். தாத்தாவின் கைலி, அம்மாவின் புடவை என்று வீட்டுத் துணியையே கொண்டு வரச் சொல்லித் தைத்துக் கொடுத்தால், விலையை எந்த ஆன்லைனோடும் ஒப்பிட முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். எல்லாத் துணியையும் விற்கும் முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்குவது சாதாரணம், சுருங்கிய துணியும் சுருங்காத துணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போர்வை அப்பளம் மாதிரி நெளியும். சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், சாயம் போட்டே வந்த துணியில் அது ஒன்றும் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. நான் ஒரு முறை மூன்று மாதம் கையால் தைத்த போர்வையை முதல் முறை அலசினேன், ஒரே ஒரு சிவப்புச் சதுரம், நாலாபக்கமும் வெள்ளை எல்லாம் ரோஸ். வாங்கிய கடையில் காட்டினேன். "பருத்தின்னா அப்படித்தாம்மா" என்றார்கள். அதோடு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சுதேசி, பாரதி, ஏஎஃப்டி என்று மூன்று பஞ்சாலைகள் ஓடிய ஊர் உங்களுடையது, துணியை விரலில் தேய்த்தே கலப்படம் சொல்கிற பெரியவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள், அவர்களிடம் "அப்படித்தான்" செல்லாது.

விற்ற துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துணுக்கை பில்லோடு பின் பண்ணி, இன்னொரு துணுக்கை உங்கள் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அவள் "அந்த மஞ்சள்" என்பாள். எந்த மஞ்சள் என்று நோட்டைத் திருப்பினால் தெரியும். தீர்ந்துபோயிருந்தால் அதற்குப் பக்கத்து மஞ்சளை எடுத்துக் காட்டலாம். இதற்கு இன்ஸ்டாகிராம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

சுற்றுலாக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை. வாடகையை அவர்கள் கட்டட்டும். அவர்களுக்கு ஒரு சின்ன மேசை விரிப்பு, பை, அவ்வளவு போதும், பெரிய போர்வையைத் தோளில் போட்டுப் படம் எடுக்க மட்டும் ஒன்று தொங்கட்டும்.

கணவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, செவ்வாய்க்கிழமை பகலில் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவதில் பயனில்லை. ஆனால் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஆறரைக்கு மேல்தான் கை ஓயும். வாரத்தில் ஒரு நாள் மாலை, ஆறரையிலிருந்து எட்டரை, கடைக்கு நடுவில் ஒரு பெரிய மேசை, நாலு ஸ்டூல். தைப்பதை எடுத்து வரட்டும், பேசட்டும். கட்டணம் வேண்டாம், டீக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் வர மாட்டார்கள், அல்லது உங்கள் நாத்தனார் மட்டும் வருவார். மூடிவிடாதீர்கள். திறக்கிறேன் என்று சொன்ன நேரத்தில் ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்தவள் இரண்டாம் முறை வரமாட்டாள். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, போர்டில் போட்ட நேரத்துக்குப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

என் அம்மாவின் பருத்திப் புடவைகள் ஏழு, டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. இரண்டு கிழிந்திருக்கின்றன, ஒன்று துரு பட்டது. அடுத்த வாரம் கொண்டு வருகிறேன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை நீங்களும் ஊரோடு சேர்ந்து பூட்டிவிடுவீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா