பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: எங்கள் ஜெபக் குழுவில் ஐந்து பேர். வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி, ஆளுக்கொரு அதிகாரமாக முறைவைத்துச் சத்தமாக வாசித்து வருகிறோம். போன முறை எனக்கு வந்தது 1 நாளாகமம் 2. பத்து வசனம் தாண்டுவதற்குள் நாக்கு குழறிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். “மீதியை அவரவர் வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி மூடிவிட்டேன். இத்தனை பெயர்களால் நமக்கு என்ன பிரயோஜனம்? இவற்றை விட்டுவிட்டு வாசித்தால் தவறா? “வம்சவரலாறுகளை விட்டு விலகு என்று பவுலே எழுதியிருக்கிறாரே” என்கிறான் என் தம்பி. அடுத்து என் முறை 7ஆம் அதிகாரம். அதுவும் முழுக்கப் பெயர்கள்தான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள். பெயர்களைத் தாண்டிப் போனதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்கப்போவதில்லை. ஆதியாகமம் 36இல் ஏசாவின் வம்சத்துப் பிரபுக்கள் வரிசையாக வருவார்களே, அந்தப் பக்கத்தில் என் கண்ணும் வேகமாகத்தான் ஓடும். இத்தனை வருடம் வாசித்தும் அது மாறவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் மூடிவிட்டீர்களே 2ஆம் அதிகாரம், அதன் 34 முதல் 41 வரையுள்ள வசனங்களை மட்டும் இப்போது திறந்து பாருங்கள். சேசான் என்று ஒருவர். அவருக்குப் பெண் பிள்ளைகள் மட்டுமே, மகன் இல்லை. யர்கா என்ற எகிப்திய வேலைக்காரன் அந்த வீட்டில் இருந்தான். சேசான் தன் மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தார். அவர்களுக்குப் பிறந்த அத்தாய் முதல் எலிசாமா வரை 13 தலைமுறைகளை வசனம் ஒன்றுவிடாமல் சொல்கிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஜனத்தின் வம்ச அட்டவணையில், தாவீதின் கோத்திரமான யூதாவுக்குள்ளேயே, ஓர் எகிப்திய வேலைக்காரனின் வம்சம் இத்தனை நீளத்துக்கு ஓடுகிறது. எழுதியவர் அதை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு வரும்வரை நீங்கள் வாசித்திருந்தால் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தியிருப்பார்களா என்று தெரியாது. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

கதையைப் போல வாசிக்கப்போவதில்தான் நமக்குச் சிக்கல். இந்தப் பட்டியல்களை முதலில் கையில் வாங்கியவர்கள் கதை கேட்க வந்தவர்களே இல்லை. தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேட வந்தவர்கள். நிலம், ஊழியம், ஊரில் ஓர் இடம் எல்லாம் அதைப் பொறுத்தே இருந்தன.

எஸ்றா 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் கி.மு. 586இல் அழிந்தது. ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெர்சிய ராஜா கோரேஸ் கி.மு. 538இல் திரும்பிப் போகலாம் என்று உத்தரவு கொடுத்தார். அப்படித் திரும்பியவர்களின் கணக்குதான் அந்த அதிகாரம்: 42,360 பேர், கூடவே 736 குதிரை, 435 ஒட்டகம், 6,720 கழுதை. (வரிசையாக வரும் எண்களைக் கூட்டிப் பார்த்தால் 42,360 வராது. இதே பட்டியல் நெகேமியா 7இலும் வருகிறது. பாடகர் எண்ணிக்கை இங்கே 200, அங்கே 245. கணக்கில் புலியான பிள்ளை யாராவது உங்கள் குழுவில் இருந்தால் கண்டுபிடித்துவிடும், முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.)

அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் ஒரு சங்கடம். தெலாயா, தொபியா, நெகோதா வம்சத்தார் 652 பேருக்குத் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியவில்லை. அடுத்து ஆசாரியரில் மூன்று குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகிறார்கள், பெயர் கிடைக்கவில்லை. உடனே ஆசாரிய ஊழியத்திலிருந்து நிறுத்திவைக்கிறார்கள். தேவசித்தத்தைக் கேட்டறிய உதவிய ஊரீம், தும்மீம் என்பவை உள்ள ஓர் ஆசாரியர் எழும்பும் வரைக்கும் பரிசுத்தமானதைச் சாப்பிடக்கூடாது என்று அதிபதி சொல்லிவிடுகிறார். தூர தேசத்திலிருந்து அத்தனை தூரம் நடந்து வந்து, வாசலில் நின்று, “உங்கள் பெயர் இதில் இல்லையே” என்று கேட்பது எப்படி இருந்திருக்கும்!

அந்த மூன்றில் ஒன்று கோஸ் என்பவரின் குடும்பம். இந்தப் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நெகேமியா 3க்கு வாருங்கள். ஏறக்குறைய 90 வருடம் கழித்து எருசலேமின் மதிலைக் கட்டுகிறார்கள். அதுவும் ஒரு பட்டியல்தான்: இவருக்குப் பக்கத்தில் இவர், அவருக்குப் பக்கத்தில் அவர். 4ஆம் வசனத்தில் கோசின் மகனான உரியாவின் மகன் மெரெமோத் ஒரு பங்கைக் கட்டுகிறார். 21ஆம் வசனத்தில் மறுபடியும் அதே மெரெமோத், இன்னொரு பங்கு. எஸ்றா 8:33இல் ஆலயத்துக்கு வந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறவர் ஆசாரியனான உரியாவின் மகன் மெரெமோத். அதே குடும்பமாக இருந்தால், இடையில் அவர்களுடைய வழக்கு எப்படியோ தீர்ந்திருக்கிறது. தீர்த்தது யார், எப்போது என்று எங்கேயும் எழுதவில்லை. மூன்று பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கு மட்டும் அது தெரியும்.

நெகேமியா 3இலேயே இன்னும் நிறைய உண்டு. தட்டார்களும் தைலக்காரரும் கல் சுமக்கிறார்கள். எருசலேமில் பாதிக்கு அதிபதியான சல்லூமோடு அவர் மகள்களும் மதில் வேலை செய்கிறார்கள். தெக்கோவா ஊரார் வந்தார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் கழுத்தை வளைக்கவில்லை என்று எழுதியவர் பெயர் சொல்லாமலேயே ஒரு குட்டு வைக்கிறார். மதில் 52 நாளில் முடிந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பட்டியல். பிடித்தது என்பதைவிட, என்னைத் தூங்கவிடாத பட்டியல் என்று சொல்லலாம். 2 சாமுவேல் 23. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்கள். ஒவ்வொருவரும் எந்த ஊர், யாருடைய மகன் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் பெயர்: ஏத்தியனான உரியா. அப்புறம் “ஆக முப்பத்தேழு பேர்”. அவ்வளவுதான். விளக்கம் ஒன்றும் இல்லை.

உரியா யார் என்று உங்களுக்குத் தெரியும். பத்சேபாளின் கணவன். தாவீது அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்தது பன்னிரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் நடந்த சம்பவம். தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்தார், ராஜா மனந்திரும்பினார், பிள்ளை செத்தது, சாலொமோன் பிறந்தான், தாவீதின் இன்னொரு மகன் அப்சலோம் கலகம் செய்து ஒழிந்தான். எல்லாம் முடிந்து போயிற்று என்று நாம் நினைக்கிற நேரத்தில், ராஜாவின் வீரர் பட்டியலைப் போட்டு அந்தப் பெயரைக் கடைசியில் வைத்துவிட்டு எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 1 நாளாகமம் 11இலும் உரியா வருகிறார், ஆனால் அங்கே அவருக்குப் பிறகும் பெயர்கள் தொடர்கின்றன. சாமுவேலில்தான் அவரோடு நிற்கிறது.

அதே பட்டியலில் 34ஆம் வசனத்தையும் பாருங்கள்: அகித்தோப்பேலின் மகன் எலியாம். பத்சேபாள் யாருடைய மகள்? 2 சாமுவேல் 11:3இல் எலியாமின் மகள் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே எலியாம் என்றால், பத்சேபாளின் தகப்பனும் கணவனும் ராஜாவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நின்ற முப்பத்தேழு பேரில் இருவர். அகித்தோப்பேல் அவளுடைய தாத்தா. தாவீதுக்கு அத்தனை நெருக்கமான ஆலோசகர் ஏன் ஒரே நாளில் அப்சலோம் பக்கம் சாய்ந்தார் என்று கதையில் காரணம் சொல்லவில்லை. பட்டியல் ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறது. வேதாகமம் இதை அடித்துச் சொல்லவில்லை, அதனால் நானும் அடித்துச் சொல்லமாட்டேன்.

இயேசுவின் வம்ச வரிசையான மத்தேயு 1ஐப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள்: தாமார், ராகாப், ரூத் எல்லாரும் ஏன் வருகிறார்கள் என்று. அதனால் நீட்டவில்லை. நாலாவது பெண்ணை மட்டும் கவனியுங்கள். மத்தேயு ‘பத்சேபாள்’ என்று எழுதவில்லை. ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என்று எழுதுகிறார். செத்துப்போய் ஏறக்குறைய ஆயிரம் வருடம் ஆனபிறகும் உரியாவின் பெயர் தாவீதின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இதே மத்தேயு யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களை விட்டுவிட்டார். பதினாலு பதினாலு தலைமுறையாக அடுக்க அவருக்கு அது தேவைப்பட்டது. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 14 வரும். அதை மனதில் வைத்துத்தான் இப்படி அடுக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். ராஜாக்களை விடத் துணிந்தவர் உரியாவை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். அவர் சொல்வது உண்மைதான். தீத்துவுக்கு எழுதின நிருபத்தில் அப்படி இருக்கிறது; தீமோத்தேயுவுக்கும் “முடிவில்லாத வம்சவரலாறுகள்” பற்றி எச்சரிக்கை இருக்கிறது. வம்சத்தை வைத்து வாக்குவாதம் வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது அது. பெயர்கள்மேல் பவுலுக்கு வெறுப்பு இருந்திருந்தால், பெயர் பெயராக வாழ்த்துச் சொல்லும் ரோமர் 16 நம் கைக்கு வந்திருக்காது. தம்பியை அதை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெண்களின் பெயர்களுக்குப் பெரும்பாலும் ‘ஆள்’ என்று ஒரு வால் சேர்த்தார்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். மற்ற பல மொழிகளில் வாசிக்கிறவருக்கு இவர்கள் ஆணா பெண்ணா என்று நின்று யோசிக்கவேண்டும், நமக்குக் காதிலேயே கேட்டுவிடும். திரிபேனாள், திரிபோசாள் இரண்டுக்கும் கிரேக்கத்தில் மென்மை, நாசூக்கு என்ற பொருள் வரும். அவர்களைப் பற்றிப் பவுல் சொல்வது “கர்த்தருக்குள் பிரயாசப்படுகிறவர்கள்” என்று! கொஞ்சம் சிரித்துக்கொண்டே எழுதினாரோ என்னவோ. வால் கிடைக்காதவரும் உண்டு. அன்றோனீக்கோடு வரும் யூனியாவைப் பெண் என்றே 4ஆம் நூற்றாண்டின் சபைப் பிதா கிறிஸோஸ்தோம் எடுத்துக்கொண்டு புகழ்ந்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘யூனியாள்’ இல்லை, யூனியாதான். ஓர் எழுத்து விடுபட்டதால் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற ஒரு பெண் நம் காதிலிருந்து நழுவிப்போனார்.

22ஆம் வசனத்தில், கடிதத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர் தன் வாழ்த்தையும் நடுவில் நுழைத்துவிடுகிறார்: தெர்தியு. லத்தீனில் ‘மூன்றாமவன்’ என்று அர்த்தம். அடுத்த வசனத்திலேயே குவர்த்து, ‘நான்காமவன்’. எண்ணையே பெயராக வைக்கும் வழக்கம் அடிமைகள் நடுவில் சாதாரணம். எண்ணாகக் கூப்பிடப்பட்ட ஒருவன் ரோமாபுரிச் சபைக்குத் தன் சொந்தக் குரலில் வணக்கம் சொல்கிறான்.

பெயர் நிலைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். எண்ணாகமம் 26இல் ஜனத்தொகைக் கணக்கு நடக்கிறது: 6,01,730 பேர், எல்லாம் ஆண்கள். நடுவில் திடீரென்று ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலோப்பியாத்தின் மகள்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்கள் மோசேயின் முன் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. கதை அதோடு முடியவில்லை. 1910இல் பழைய சமாரியா பட்டணத்தைத் தோண்டியபோது எழுத்துள்ள மண்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திராட்சரசமும் எண்ணெயும் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற வெறும் கணக்கு. அதில் வரும் மனாசே கோத்திரத்துப் பகுதிகளின் பெயர்களில் இரண்டு: நோவாள், ஒக்லாள். அந்தச் சகோதரிகளின் பெயர் நிலத்தின் பெயராகி, எண்ணெய்ச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது உங்கள் 7ஆம் அதிகாரம். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எபிரெயத்திலிருந்து நம் எழுத்துக்கு வருவதற்குள் அந்தப் பெயர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. நீங்கள் சொல்வது தப்பு என்று திருத்த எலிசாமா எழுந்து வரமாட்டார். முந்தின நாள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பழகிக்கொள்ளுங்கள், போதும். ஒரே மாதிரி ஓடுகிற வரிகளை ஓடவிடுங்கள். ஓட்டம் தடுக்குகிற இடத்தில் நிறுத்துங்கள். 21ஆம் வசனத்தில் அது தடுக்கும். எப்பிராயீமின் பிள்ளைகளைக் காத் ஊரார் கொன்றுபோடுகிறார்கள். தகப்பன் அநேக நாள் துக்கம் கொண்டாடுகிறார், சகோதரர் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த மகனுக்கு அந்தத் தீங்கை நினைத்தே பெரீயா என்று பெயர் வைக்கிறார். பட்டியலின் நடுவில் ஒரு சாவு வீடு. அங்கே கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

24ஆம் வசனத்தை நீங்கள் வாசிக்கவேண்டாம். போன முறை முதலில் சிரித்த பிள்ளை எது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? புத்தகத்தை அதன் கையில் கொடுங்கள். “இந்த வசனத்தில் ஒருத்தி ஊர்களைக் கட்டியிருக்கிறாள். அவள் யார், எத்தனை ஊர் கட்டினாள் என்று பார்த்துச் சொல்” என்று கேளுங்கள். பெயரின் வாலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.