சுவரைக் கேட்கும் கை – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். கையில் எது கிடைத்தாலும் சுவரில் கிறுக்குகிறாள். கூடத்துச் சுவர், மேஜை, அலமாரிக் கதவு என எதுவும் பாக்கியில்லை. வரைகிற நோட்டு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு கோடு போட்டுவிட்டு மறுபடி சுவருக்கே போய்விடுகிறாள். அதட்டினேன், ஒருநாள் கையில் ஓர் அடியும் வைத்துவிட்டேன். இப்போது கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கிறுக்குகிறாள். சின்னக் குழந்தைதானே, விடு என்கிறார் மாமியார். புது பெயின்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் கணவர். ரொம்பத் தடுத்தால் வரைகிற ஆசையே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது? இருப்பதை எப்படி அழிப்பது?

ர.

அன்புள்ள ர,

நோட்டில் இரண்டு கோடு, பிறகு சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டு ஏன் அவளுக்குப் போதவில்லை என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

அவள் நோட்டில் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். கோடு விரலிலிருந்து வராது, தோளிலிருந்து வரும். முழுக் கையும் வீசும். மற்றொரு கை தாளைப் பிடித்துக்கொள்ளாமல் சும்மா இருக்கும். தாளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் வரைய இந்த வயதில் இன்னும் சரியாகப் பழகியிருக்காது. கிரேயான் இழுத்த பக்கமெல்லாம் தாளும் நகரும். வீச்சு தாளைத் தாண்டி மேஜையில் போய் முடியும். உங்கள் மேஜையில் இருக்கும் கோடுகளில் பல அப்படித் தவறிப் போனவையாகத்தான் இருக்கும், அதற்கு அவளைத் திட்டுவது நியாயமில்லை. சுவரோ நகராது. கண்ணுக்கு நேரே நிற்கிறது. கை வீசுகிற அளவுக்கு இடம் இருக்கிறது. நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நிற்பதால் பிடிமானமும் நன்றாகக் கிடைக்கிறது. அவள் கேட்பது நகராத, பெரிய, நிமிர்ந்த ஓர் இடம். அதை வேறெங்காவது கொடுத்தால் சுவரை விட்டுவிடுவாள். கொடுக்காமல் சுவரை மட்டும் பறித்தால் கதவுக்குப் பின்னால்தான் போவாள்.

முதலில் ஒரு பலகை. 90 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் போதும். கீழ் விளிம்பு தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், அப்போது மேல் விளிம்பு வரை அவள் கை எட்டும். சாய்த்து வைக்காமல் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள், ஆடினால் சுவருக்கே திரும்பிவிடுவாள், மேலே விழுந்தால் ஆபத்தும்கூட. வீட்டில் எல்லோரும் புழங்குகிற இடத்தில் மாட்டுங்கள். அவளுக்கு உங்கள் பக்கத்தில் இருந்து வரைய வேண்டும். ஆளில்லாத அறையில் மாட்டினால் இரண்டு நாளோடு சரி.

கரும்பலகை பெயின்ட் அடித்துக்கொள்வதாக இருந்தால் இரண்டு கோட்டிங் அடித்து மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் அவளிடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதலில் போட்ட கோடு எவ்வளவு துடைத்தாலும் நிழலாக நிற்கும். சாக்பீஸின் பெரிய வசதி, அது தப்பிச் சுவரில் பட்டாலும் பெரும்பாலும் காய்ந்த துணியிலேயே போய்விடும்.

தாள்தான் வேண்டும் என்றால் நான்கு ஏ4 தாள்களைப் பின்பக்கம் ஒட்டி ஒன்றாக்கிப் பலகையில் பொருத்துங்கள். ஏற்கெனவே கிறுக்கிய அதே சுவரில் தாளை ஒட்டாதீர்கள். தாளுக்குள் சரி, ஒரு விரல் தள்ளினால் தப்பு என்பது இந்த வயதில் பிடிபடாது. மேஜையில் வரைவதற்கும் இதே பெரிய தாள்தான். நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுங்கள், அடியில் பழைய செய்தித்தாள் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். டேப்பை ஒருமுறை உங்கள் உடுப்பில் ஒட்டி எடுத்துவிட்டுப் போட்டால் பசை சற்றுக் குறைந்து, எடுக்கும்போது பாலிஷ் பிய்ந்து வராது.

அடுத்தது பேனா. சுவரில் வரையக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வாள். ஆனால் தெரிந்ததைக்கொண்டு கையை நிறுத்தும் திறன் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் மெல்ல மெல்ல வலுவடைகிறது. அதுவரை அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது. பால் பேனா, பர்மனன்ட் மார்க்கர், லிப்ஸ்டிக் எல்லாம் பூட்டுகிற இழுப்பறைக்குள் போகட்டும். உயரத்தில் வைத்தால் நாற்காலி போட்டு ஏறுவாள். கைப்பையின் வெளிப் பையையும், சட்டைப் பையையும் மறந்துவிடாதீர்கள். தாளில் வரைய அவளுக்குத் தடிமனான, தண்ணீரில் போகிற கிரேயான் நான்கு போதும். ஒரு தட்டில் வைத்துக் கொடுங்கள், முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். நாலுக்கு மூன்று வந்தால் நாலாவதைத் தேடிவிட்டுத்தான் மறு வேலை. சிறு துண்டுகளும் மார்க்கர் மூடிகளும் தொண்டையில் அடைக்கும் என்பதால் அவற்றை அவள் கைக்கே விடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சில நேரம் சுவருக்குப் போவாள். அப்போது தூரத்திலிருந்து கத்தாமல் எழுந்து போங்கள். கையைப் பிடித்து, “கோடு பலகையில” என்று மட்டும் சொல்லுங்கள். “சுவர்ல வரையாதே” என்று மட்டும் சொன்னால், எங்கே வரையலாம் என்பது அவளுக்குத் தெரியாது. பலகைக்குக் கூட்டிப்போய் முதல் கோட்டை நீங்களே போடுங்கள். இரண்டாவது முறையும் சுவருக்குப் போனால் தட்டு உள்ளே போகிறது. “இப்போ முடிஞ்சுது, அப்புறம் தரேன்” என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். சொன்னபடி அன்றைக்கே திரும்பக் கொடுத்துவிடவும் வேண்டும். ஈரத்துணியை அவள் கையிலும் ஒன்று கொடுத்து இரண்டு நிமிடம் சேர்ந்து துடையுங்கள். அதைத் தண்டனை போலச் செய்ய வேண்டாம், தன் கோடு எங்கே போகிறது என்று அவள் பார்த்தால் போதும்.

அடி வைத்ததால் அவள் கற்றுக்கொண்டது, அம்மா பார்க்காதபோது வரையலாம் என்பதைத்தான். அதே அளவுக்குக் கெடுக்கிற இன்னொன்று சிரிப்பு. வந்தவர்களிடம் அவளை வைத்துக்கொண்டே சுவரைக் காட்டிச் சிரிப்பதும், போனில் படம் பிடிப்பதும் அவளுக்குப் பாராட்டு. நீங்கள் தடுக்க மாமியார் விடச் சொன்னால், யார் இருக்கும்போது வரையலாம் என்று கணக்குப் போடத்தான் பழகுவாள். விட வேண்டியது பலகையில், அங்கே அவள் என்ன வரைந்தாலும் குறுக்கே பேசாதீர்கள் என்று அவரிடமும் சொல்லுங்கள். வரைய ஓரிடம் எப்போதும் திறந்திருக்கும்வரை ஆசை எங்கேயும் போய்விடாது.

இனி அழிப்பது. எதைச் செய்தாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துவிடுங்கள்.

சாதாரண கிரேயான் மெழுகு, வெறும் தண்ணீருக்கு மசியாது. தடித்திருப்பதைப் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் சுரண்டுங்கள். ஹேர் டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துச் சில விநாடி காட்டி, இளகியதும் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வண்ணம் பரவிச் சுவரெல்லாம் மங்கலாகிவிடும். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருந்தால் பெயின்ட் கொப்பளிக்கும். மிச்சத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெந்நீர்த் துணி போதும். டிஸ்டெம்பர் சுவரென்றால் ஈரத்தோடு தேய்த்தால் சுண்ணாம்புத் தூளாகப் பெயின்டே கையோடு வரும், அங்கே ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பென்சிலுக்கு முதலில் வெள்ளை ரப்பர்தான், தண்ணீர் பட்டால் கருமை இழுபடும்.

கறை துடைக்கக் கடையில் விற்கும் மேஜிக் ஸ்பாஞ்சை எல்லோரும் சொல்வார்கள். அது மிக நுண்ணிய உப்புத்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மங்கலான சுவரில் அழுத்தினால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், பளபளப்பான மரத்தில் அழுத்தினால் அந்த இடம் மங்கும்.

அலமாரிக் கதவில் இருப்பது பால் பேனா என்றால், கதவு மைக்காவா மரமா என்று பாருங்கள். மைக்காவில் பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும், பர்மனன்ட் மார்க்கரும் அப்படித்தான். பாலிஷ் போட்ட மரத்தில் ஸ்பிரிட் பாலிஷையே கரைத்துவிடும், அதைத் தச்சரிடம் விட்டுவிடுங்கள். சுவரில் என்றால், ஸ்பிரிட்டில் தோய்த்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் கோட்டின் மேல் மட்டும் தொடுங்கள், அதிகமானால் எமல்ஷன் பெயின்ட் இளகி வந்துவிடும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பும் ஹேர் டிரையரும் பக்கத்தில் வேண்டாம், குழந்தையும் வேறு அறையில் இருக்கட்டும்.

பெயின்ட் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இப்போது வேண்டாம். வெள்ளைச் சுவர் அவளுக்குப் புதுத் தாள். பலகை பழகி ஒரு மாதம் சுவரில் கோடு விழாமல் இருக்கட்டும், பிறகு அடிக்கலாம். அப்போதும் கிரேயான்மேல் நேராக அடித்தால் மெழுகில் பெயின்ட் ஒட்டாமல் சுருண்டு விலகும், பேனா மை ஒவ்வொரு கோட்டிங்கையும் ஊடுருவி மேலே வரும். மெழுகை முழுக்க எடுத்து, சுவர் காய்ந்ததும் கறை மறைக்கும் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டு, துடைக்கத் தாங்குகிற சாட்டின் எமல்ஷன் அடிக்கச் சொல்லுங்கள். மீந்த பெயின்டில் ஒரு சின்ன டப்பாவை இறுக மூடி வைத்துக்கொண்டால் பிறகு தொட்டுச் சரிசெய்ய உதவும்.