டிஷ்வாஷர் கேள்வி-பதில்: முதலில் உங்கள் தண்ணீர் எது என்று சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் வெள்ளைப் படிவைப் பற்றியவை. ஆனால், வீட்டுக்கு வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. வடசென்னையில் ஒரே தெருவின் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் ஓடுவது சாதாரணம். அதைச் சொல்லாமல் இயந்திரத்தின் கோளாறை மட்டும் கேட்டால் நான் ஊகித்துத்தான் பதில் எழுத முடியும். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை.

இயந்திரம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் வெளுத்துவிட்டன. போர் தண்ணீர்தான். பேனா போன்ற கருவியை வைத்துப் பார்த்த ஒருவர் டி.டி.எஸ். 1100 என்றும், ஆர்.ஓ. இணைப்புக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். கொடுக்கலாமா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

கொடுக்கவே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. கருவி மணிக்கு 10, 15 லிட்டர்தான் தரும். டிஷ்வாஷரோ ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் சில நிமிடங்களுக்குள் 3, 4 லிட்டரை எதிர்பார்க்கிறது. தண்ணீர் வரவில்லை என்று பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மேலும், ஒரு லிட்டர் நல்ல நீருக்காக இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவியைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்துவது, கோடை வந்தால் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைக்கும் ஊருக்குப் பொருந்தாது.

இனி அந்தப் பேனாவைப் பற்றி. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள்முதல் சொல்லி வருவதையே மறுபடியும் சொல்கிறேன்: டி.டி.எஸ். வேறு, கடினத்தன்மை வேறு. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை என்பது அவற்றுள் கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் கணக்கு மட்டுமே. டம்ளரில் சுண்ணாம்பாகப் படிவதும், ஹீட்டரின் மேல் ஓடு கட்டுவதும் அந்த இரண்டுதான். நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்துப் பேனா ஓர் எண்ணைக் காட்டுகிறதே தவிர, எந்த உப்பு எவ்வளவு என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கடலோரத்தை ஒட்டிய நம் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஊடுருவியிருப்பதால், சோடியம் மிகுதியாலேயே பேனாவின் எண் எகிறும் கிணறுகள் ஏராளமாக உள்ளன.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மாடித் தொட்டிக்குக் கீழே புதிதாக, நீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தார்கள். பொருத்துவதற்கு முன்னும் பேனா 1200 காட்டியது, பின்னும் 1200 காட்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். நான் என் பையிலிருந்த, கடினத்தன்மையைச் சொட்டுக் கணக்கில் காட்டும் சோதனைப் புட்டியை எடுத்து, சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில் 5 மில்லி நீர் பிடித்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கினேன். ஆரஞ்சு நிறமாகவே இருந்த நீர் 32ஆவது சொட்டில்தான் பச்சையாயிற்று. சாஃப்ட்னருக்குப் பிந்தைய குழாய் நீரோ முதல் சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுவதுதான் சாஃப்ட்னரின் வேலை என்பதால், மொத்தக் கணக்கு குறையவே குறையாது. கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. சோதித்த முறைதான் தவறு.

டிஷ்வாஷரின் அடியில் இருக்கும் உப்பு அறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது எவ்வளவு கடினமான நீருக்காக வேலை செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். இயந்திரத்தை விற்றவரும் பொருத்தியவரும் இந்த அமைப்பைத் தொடாமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் என் நீண்டநாள் மனக்குறை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஜி.எச். (பொதுக் கடினத்தன்மை) சோதனைச் சொட்டு என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 5 மில்லி நீருக்கு ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ ஒரு ஜெர்மன் டிகிரி கடினத்தன்மை, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 18 மில்லிகிராம். பல இயந்திரங்களின் கையேட்டில் அட்டவணை அதே டிகிரியில்தான் இருக்கும். சொட்டுகளை எண்ணி, அதற்குரிய நிலையில் வைத்துவிடுங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான வீட்டு இயந்திரங்களால் சமாளிக்க முடியாது. அப்போது டிஷ்வாஷருக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர்க் குழாயைத் திருப்பிக் கொடுங்கள். புழல் ஏரி நீரும், காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் நிலையம் கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் நீரும் நம் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மென்மையானவை.

வெளுத்த டம்ளர் ஒன்றை அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். வெண்மை போய்விட்டால் அது சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது; அதைச் சரிசெய்ய வழி இல்லை.

சமையல் கல் உப்பையே போடலாமா? அதுவும் உப்புதானே? (வாசகர், மூலக்கடை)

கூடாது. கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும்; தூள் உப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். டிஷ்வாஷர் உப்பு என்றே கேட்டு வாங்குங்கள். முதல் தடவை மட்டும் அறையை நீரால் நிரப்பிவிட்டு உப்பைக் கொட்டுங்கள். கொட்டியவுடன், அந்த நிமிடமே, ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்புநீர் இரவு முழுவதும் தங்கினால் உட்சுவர் துருப்பிடிக்கும்.

எவர்சில்வர் கரண்டிகளில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. எவர்சில்வர் துருப்பிடிக்குமா? (வாசகி, திருவொற்றியூர்)

பிடிக்கும். நிக்கல் குறைந்த மலிவு வகைகளில் சீக்கிரமே பிடிக்கும். உங்கள் பகுதிப் போர் தண்ணீரில், துருவைத் தூண்டும் குளோரைடு அதிகம் இருக்கும். உப்பு அறை அதை நீக்காது. கழுவி முடித்தவுடன் கதவைத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். இரும்புக் கத்தி, இரும்புக் கரண்டி எதையும் கூட வைக்காதீர்கள். அவற்றின் துருத்தான் பல சமயம் எவர்சில்வரின் மேல் ஒட்டிக்கொள்கிறது. உப்பு கொட்டியவுடன் ஒரு சுற்று ஓட்டச் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மெஷின் சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (கைபேசியிலிருந்து அனுப்பியவர், ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மாடல், என்ன தண்ணீர், என்ன பிழைக்குறி, பாத்திரத்தில் என்ன தங்குகிறது என்ற நான்கையும் எழுதுங்கள். அதுவரை ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ஈ 24 (E24) என்று பிழைக்குறி காட்டி, அழுக்கு நீர் அடியிலேயே நிற்கிறது. வாரத்தில் நான்கு நாள் மீன் சமைக்கும் வீடு. சர்வீஸுக்கு வந்தவர் பம்ப்பையே மாற்ற வேண்டும் என்கிறார். (வாசகர், காசிமேடு)

பம்ப்பை மாற்றுவதற்கு முன் அதைத் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள். அந்தக் குறி, நீர் வெளியேறவில்லை என்பதைத்தான் சொல்கிறது. பம்ப் பழுது என்று சொல்லவில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ்த் தட்டை வெளியே எடுத்து, தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். உருளை ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் அடியில் சிறு குழி தெரியும். பல மாடல்களில் அதன் பக்கவாட்டில் பம்ப்பின் பிளாஸ்டிக் மூடி இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே உள்ள சிறு சக்கரத்தை ஈர்க்குச்சியால் சுற்றிப் பாருங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும் என்பதால் முதலிலேயே விரலை விடாதீர்கள். உங்கள் பேட்டையில் நான் திறந்த பம்ப்களில் சங்கராவின் முள் சக்கரத்துக்குக் குறுக்கே ஆப்புப்போல் நிற்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அதைச் சுற்றிப் புளி நார், கறிவேப்பிலை நரம்பு, நாலைந்து கடுகு. இடுக்கியால் முள்ளை எடுத்ததும் சக்கரம் சுற்றத் தொடங்கிவிடும். அப்படியும் நீர் போகவில்லை என்றால் டிரெயின் பைப் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை ஃபில்டரைக் கழுவ வேண்டும். தட்டிலுள்ள முள்ளைக் குப்பையில் தட்டிவிட்டுத்தான் உள்ளே அடுக்க வேண்டும்.

ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். (வாசகி, வியாசர்பாடி)

சக்கையை வழித்துப் போட்டால் போதும் என்று அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு இயந்திரம் ஏறத்தாழ 10 லிட்டர்தான் எடுக்கும். குழாயடியில் முன்கூட்டிக் கழுவினால் அதைவிட அதிகம் செலவாகும். ஆட்டோ சுற்று உள்ள மாடல்களில் நீரின் கலங்கலைப் பார்க்கும் சென்சார் இருக்கிறது. எல்லாம் சுத்தமாக இருந்தால் சுற்றைச் சுருக்கிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் எண்ணெய் அப்படியே நிற்கும். ஆனால் காய்ந்த தோசை மாவும், அடிப்பிடித்த பாலும் விதிவிலக்கு. அவற்றை ஊறவைத்துவிட்டு 70 டிகிரி சுற்றில் போடுங்கள்.

நான்காவது மாடி, கடைசித் தளம். சில நாள் தண்ணீர் வரவில்லை என்று குறி காட்டுகிறது. சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. (வாசகர், பெரம்பூர்)

மாடித் தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதுதான் காரணம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. பெரும்பாலான இயந்திரங்களுக்கு அரை பாராவது வேண்டும், அதாவது தொட்டியின் நீர்மட்டம் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். உங்களுக்கு 3 மீட்டர் இருந்தாலே அதிகம். தொட்டி நிறைந்திருக்கும் நாளில் ஓடுகிறது, குறைந்த நாளில் நிற்கிறது. சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு முன், இன்லெட் குழாயின் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். லாரித் தண்ணீர் எடுக்கும் அடுக்ககங்களில் அதில் மணல் அடைத்திருக்கும்.

ஈயச் சொம்பு, அலுமினியக் குக்கர், இரும்புத் தோசைக்கல், கல்சட்டி. எவற்றை வைக்கலாம்? (வாசகி, ராயபுரம்)

எதையும் வைக்கக்கூடாது. அலுமினியம் கறுக்கும், தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும், கல்சட்டி டிடர்ஜென்டைக் குடித்துவிடும். எவர்சில்வர் குக்கரை வைக்கலாம். வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள்.

மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை முறை போட்டாலும் போகவில்லை. (வாசகி, மாதவரம்)

ஈரத்தோடு மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே சிதைந்துவிடும்.

மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இப்போது வடிந்துவிட்டது. காயவைத்துவிட்டுப் போடலாமா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

போடாதீர்கள். மோட்டார், பம்ப், ஹீட்டர், கசிவைக் கண்டறியும் மிதவைச் சுவிட்ச் எல்லாம் அடித்தட்டில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நான் திறந்த இயந்திரங்களில் வெளியே உலர்ந்து தெரிந்தவற்றின் அடித்தட்டில்கூடச் சேறும் நீரும் இருந்தன. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டும் நனைந்திருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு அடித்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்தி, மின்கசிவு இல்லை என்று மெக்கானிக் சோதித்த பிறகே ஓட்டுங்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். ஏதாவது செய்ய வேண்டுமா? (வாசகி, எண்ணூர்)

ஃபில்டரைக் கழுவி, வெறும் இயந்திரத்தைச் சூடான சுற்றில் ஒருமுறை ஓட்டிவிட்டு, இன்லெட் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி வைத்துவிட்டுப் போங்கள். உப்பை மட்டும் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.