இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லையா? தலைமுறை மாறினால் அரசியலும் மாறுமா?

அக்கறையற்றவன் என்ற பெயரை நானும் ஒரு காலத்தில் சுமந்தவன்தான். எனக்கு வாக்குரிமை கிடைத்தபின் வந்த முதல் தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. படிப்புக்காக வெளியூர் விடுதியில் தங்கியிருந்தேன். பெயரோ பெற்றோர் வீட்டு முகவரியில் இருந்தது. முகவரி மாற்றப் படிவத்தை வாங்கிவந்து, விடுதி அறையை நிரந்தர முகவரி என்று எழுதலாமா என்ற குழப்பத்தில் பேனாவை மூடி வைத்தவன், பிறகு அதைத் திறக்கவே இல்லை. ஆனால் முடிவுகள் வெளியான அன்று இரவு முழுக்க விழித்திருந்து, அறைத்தோழனோடு தொண்டை கட்டும் அளவுக்கு விவாதித்தேன்.

ஆஸ்திரியா 2007-இல் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்ததை இந்த அனுபவத்தோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். 18 என்பது பலர் வீட்டைவிட்டு வெளியேறும் வயது. 16-இல் பெரும்பாலோர் பெற்றோருடன் இருக்கிறார்கள், பள்ளிக்கும் போகிறார்கள். முதல் சில தேர்தல்களில் வாக்களித்தவருக்கு அதுவே பழக்கமாகிறது என்றும், அவற்றைத் தவறவிட்டவர் தவறவிடுவதற்கே பழகிவிடுகிறார் என்றும் தேர்தல் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பழியை முழுவதும் படிவத்தின் மீதே போட முடியாதுதான். கொடி பிடிக்கவும் நாற்காலி போடவும் இளைஞர்களை அழைக்கும் கட்சிகள், வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறைக்குள் அவர்களை விடுவதில்லை. இளைஞரணித் தலைவருக்கே தலை நரைத்திருப்பதும் உண்டு.

தலைமுறை மாற்றம் என்பதை முதியவர்கள் விலகினால் தானாக நடப்பது போலப் பேசுகிறார்கள். அதை நான் நம்பவில்லை. ஒரே ஆண்டுகளில் பிறந்ததாலேயே தலைமுறை உருவாகிவிடாது, ஒரு பெரும் மாற்றத்தில் சேர்ந்து பங்கேற்பதே அதை உருவாக்குகிறது என்றும், அப்படி உருவான தலைமுறைக்குள்ளேயே எதிரெதிர் அணிகள் இருக்கும் என்றும் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-இலேயே எழுதினார்.

சிலி நாட்டில் 2011 மாணவர் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான கேப்ரியல் போரிக், 2013-இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானார்; தெரு முழக்கத்திலிருந்து சட்ட வரைவுகளுக்கும் சமரசப் பேச்சுகளுக்கும் இறங்கிவந்து, 2021-இல் 35 வயதில் அதிபர் தேர்தலில் வென்றார். மறு ஆண்டே, அவர் ஆதரித்த புதிய அரசமைப்பு வரைவு பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது, சுமார் 62 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். அவர்களில் அவருடைய வயதினரும் இருந்தார்கள்.