வைஃபை சின்னம் திரையில் எங்கே இருக்க வேண்டும்? கேள்வி பதில்

வைஃபை சிக்னல், பேட்டரி, ப்ளூடூத் நிலையைக் காட்டும் சின்னங்கள் கணினித் திரையில் எங்கே இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றையும் பயன்படுத்துகிறவன் என்பதால் கொஞ்சம் அபிப்பிராயமும் சேர்ந்தே வரும்.

கேள்வி: எல்லோரும் ஏன் மூலையிலேயே வைக்கிறார்கள்? கண்ணுக்கு நேராக நடுவில் இருந்தால் நல்லதுதானே சார்?

வேண்டாம். நெட் ஒழுங்காக ஓடும்போது அந்தச் சின்னம் கவனத்தில் படவே கூடாது. கோளாறு வந்தால் மட்டும் கை தானாகப் போய் நிற்கிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மூலைதான் தோது.

இதற்கு ஒரு விதியும் உண்டு. இலக்கு பெரிதாக இருந்தாலோ பக்கத்தில் இருந்தாலோ அதைத் தொடும் நேரம் குறையும் என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதினார். மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு திரையின் விளிம்பைத் தாண்டாது. அதனால் விளிம்பை ஒட்டிய சின்னம் பொடியாக இருந்தாலும், கைக்கு அது பெரிய இலக்குதான். சின்னத்துக்கும் விளிம்புக்கும் நடுவே கிளிக்கை ஏற்காத இடைவெளி விட்டுவிட்டால் இந்த லாபம் அத்தனையும் போச்சு. அழகுக்காக டாஸ்க்பாரை மிதக்க விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: மேலேயா, கீழேயா?

விண்டோஸ் 95 காலத்திலிருந்து விண்டோஸ்காரர்களுக்குக் கீழே வலது மூலை. மேக்கிலும், லினக்ஸில் பலர் பயன்படுத்தும் க்னோம் என்ற திரைச்சூழலிலும் மேலே வலது மூலை. அரபு மொழி விண்டோஸில் எல்லாம் திரும்பி இடது மூலைக்குப் போய்விடும். எதுவும் தப்பில்லை, ஆனால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மணி பார்க்க எப்படியும் கண் அங்கே போகும். சிக்னல் போயிருந்தால் தேடாமலே தெரிந்துவிடும்.

கேள்வி: சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. சின்னம் பொய் சொல்கிறதா அண்ணா?

பொய் இல்லை, பாதி உண்மை. அந்தக் கோடுகள் உங்கள் லேப்டாப்புக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவே உள்ள ரேடியோ அலையை மட்டும்தான் அளக்கின்றன. ரவுட்டருக்குப் பின்னால் தெருவில் கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடு முழுசாகவே நிற்கும்.

இணையம் உண்மையில் வருகிறதா என்பதை விண்டோஸ் தனியாகச் சோதிக்கிறது. மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து ஒரு சின்ன உரைக் கோப்பை எடுத்துப் பார்க்கும். எதிர்பார்த்த வரி வராவிட்டால் வைஃபை விசிறிக்குப் பதிலாக உலக உருண்டை வரும். க்னோமில் கேள்விக்குறி வரும். சில அலுவலகங்களில் அந்த ஒரு முகவரியை மட்டும் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே நெட் நன்றாக ஓடும்போதே உருண்டை தெரியும், பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால், எந்த இடத்தில் சின்னம் இருக்கிறது என்பதைவிட இதுதான் பெரிய விஷயம். ரவுட்டர் வரை எப்படி, அதற்கு அப்பால் எப்படி என்ற இரண்டையும் ஒரே சின்னம் சொல்லலாம். ஆனால் உருவம் மாறித்தான் சொல்ல வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் மாற்றினால், நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும்.

கேள்வி: ஒரு கோடு குறைந்தால் எவ்வளவு சிக்னல் குறைகிறது?

கோடுகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு சிஸ்டமும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. சரியாகத் தெரிய வேண்டுமானால் சிக்னல் வலிமையைச் சொல்லும் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 50 என்றால் அருமை. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 80க்குப் போனால் திணறும். இது மடக்கைக் கணக்கு, அதாவது எண் பத்து இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகிவிடும் என்பதால் மைனஸ் 50க்கும் மைனஸ் 70க்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கு. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைக் கிளிக் செய்தால் சிக்னல், இரைச்சல், சேனல் எல்லாம் எண்ணாகவே வரும். மற்றவர்களும் இப்படி ஒரு வசதி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

கேள்வி: விண்டோஸ் 11இல் வைஃபை, ஸ்பீக்கர், பேட்டரி மூன்றும் ஒரே பொத்தான் ஆகிவிட்டது. எரிச்சலாக இருக்கிறது.

எனக்கும்தான். பார்ப்பதற்கு மூன்று, அமுக்கினால் ஒன்று. க்னோம் இதே வேலையை 2013இலேயே செய்துவிட்டது. தொடுதிரையில் பெரிய பொத்தான் வசதி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மவுஸ்காரர்களுக்கு நெட்வொர்க் பட்டியலுக்குப் போக ஒரு கிளிக் கூடுதல். விண்டோஸ் விசையோடு ஏ அழுத்தினால் அந்தப் பெட்டி திறக்கும். அப்புறம் வைஃபைக்குப் பக்கத்து அம்புக்குறி.

கேள்வி: லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஈ (Xfce) என்ற திரைச்சூழலைப் போட்டேன். பேனலில் வைஃபை சின்னமே காணோம், ஆனால் நெட் வருகிறது!

வரத்தான் செய்யும். இணைப்பைப் பார்த்துக்கொள்வது பின்னணியில் ஓடும் நெட்வொர்க்மேனேஜர், சின்னம் காட்டுவது வேறொரு குட்டி நிரல், நெட்வொர்க் ஆப்லெட். பேனலில் சின்னங்களுக்கு இடம் தரும் ஸ்டேட்டஸ் ட்ரே பிளகின் இருக்கிறதா, அந்த ஆப்லெட் தொடக்கத்தில் இயங்குகிறதா என்று பாருங்கள். கேடிஈ (KDE) என்ற இன்னொரு லினக்ஸ் திரைச்சூழல் என்றால் ட்ரே அமைப்பில் அந்தச் சின்னத்தை 'எப்போதும் காட்டு' என்று மாற்றினால் போதும்.

கேள்வி: இரண்டு மானிட்டர் இருந்தால்?

மேக்கில் 2013 முதல் இரண்டிலும் மெனு பார் வரும். விண்டோஸ் 11, க்னோம் இரண்டிலும் முதன்மைத் திரையில் மட்டும்தான். எனவே எந்தத் திரையை நேராகப் பார்த்து உட்காருகிறீர்களோ அதை முதன்மை ஆக்குங்கள்.

கேள்வி: மேக்புக்கில் திரையின் மேல் நடுவில் கேமராவுக்காக வெட்டிய நாட்ச் சின்னங்களை விழுங்கிவிடுகிறது.

கமாண்ட் விசையோடு இழுத்து, முக்கியமானவற்றை வலப்பக்கம் கொண்டுபோங்கள். இடக்கோடியில் இருப்பவைதான் முதலில் மறையும். தேவையில்லாத ஆப்களை மூடுவது இன்னும் நல்லது.

கேள்வி: டெஸ்க்டாப் நடுவில் பெரிய சிக்னல் மீட்டர் விட்ஜெட் போடலாமா?

போடலாம். பிரவுசரைத் திறந்ததும் அதற்கடியில் போய்விடும், அவ்வளவுதான்.